இரண்டு இடைவெளியும் ஒரு முற்றுப்புள்ளியும்: ஒரு வலைப்பதிவு மென்பொருளின் நிகழ்வு ஆய்வு

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுக்காக ஒரு சின்ன வலைப்பதிவு மென்பொருள் எழுதினேன். விற்கும் எண்ணமோ வெளியிடும் எண்ணமோ இல்லை. என்னையும் சேர்த்து ஏழு பேர் எழுதுகிறோம், ஏழு பேருக்குப் போதும் என்பதுதான் கணக்கு. முதல் வடிவம் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. ஒரு கோப்புறை, அதற்குள் பதிவுக்கு ஓர் உரைக் கோப்பு. முதல் வரி தலைப்பு, மீதியெல்லாம் பதிவு. மார்க்டவுனில், அதாவது நட்சத்திரம் போன்ற சின்னக் குறிகளால் சாய்வெழுத்து, தலைப்பு எல்லாம் காட்டும் முறையில், எழுதினால் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) அதை வலைப்பக்கமாக மாற்றி சர்வரில் ஏற்றிவிடும். தரவுத்தளம் கிடையாது, அமைப்புகள் பக்கம் கிடையாது. உலாவியில் எழுத ஒரு பெட்டி, அதன் கீழே ‘சேமி’ என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

மூன்றே மாதத்தில் அமைப்புகள் பக்கம் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அதில் பத்தொன்பது தேர்வுகள் இருந்தன. இன்று மூன்று இருக்கின்றன. பூஜ்யத்திலிருந்து பத்தொன்பதுக்கு ஏறி, அங்கிருந்து மூன்றுக்கு இறங்கிய கதையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். வசதி கேட்ட யாரும் அநியாயமாக எதையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கை. அதனால்தான் மறுப்பது அவ்வளவு கடினமாக இருந்தது.

கவிதை கட்டுரையானது

முதலில் வந்தது எங்களில் கவிதை எழுதும் அக்காவிடமிருந்து. பதிவை ஏற்றிய பத்தாவது நிமிடம் போன் செய்தார். “தம்பி, என் கவிதையை எதுக்குக் கட்டுரை ஆக்கினே?”

போய்ப் பார்த்தால் பன்னிரண்டு வரிக் கவிதை ஒரே பத்தியாக ஓடிக்கொண்டிருந்தது. மார்க்டவுனின் விதி அப்படி. ஜான் கிரூபர் 2004-ல் அதை வெளியிட்டபோது, சாதாரண உரையில் மின்னஞ்சல் எழுதுபவர்களின் பழக்கத்தைத்தான் பெரிதும் பின்பற்றினார். அப்படி எழுதுபவர்கள் பத்தியின் நடுவிலேயே வரியை உடைத்து உடைத்து எழுதுவார்கள். ஆகவே ஒற்றை என்டரை மார்க்டவுன் வெறும் இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும். வரி உண்மையாகவே முறிய வேண்டுமானால் அதன் கடைசியில் இரண்டு இடைவெளி விட வேண்டும்.

“ஒவ்வொரு வரி முடியும்போதும் ரெண்டு தடவை ஸ்பேஸ் தட்டுங்கக்கா, சரியாயிடும்” என்றேன். தட்டினார். ஆனால் அவர் எழுதுவது போனில். போன் விசைப்பலகை, இடைவெளியை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி வைத்துவிடும். அதுவும் எழுதுபவருக்கான வசதிதான். இப்போது கவிதை அதே ஒற்றைப் பத்தியில், வரிக்கு வரி முற்றுப்புள்ளியோடு நின்றது. என் மென்பொருளின் வசதியின்மையும் இன்னொரு மென்பொருளின் வசதியும் சேர்ந்து ஒரு கவிதையை இப்படி ஆக்கிவிட்டன.

கண்ணுக்கே தெரியாத ஒரு குறியை எழுதுபவரின் தலையில் கட்டியது என் தவறு என்று புரிந்தது. அன்றிரவே ஒரு வரி நிரலை மாற்றினேன். இனி ஒற்றை என்டர் என்றால் வரி முறியும். கவிதை சரியாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை வரலாற்றுக் கட்டுரை எழுதும் அண்ணனிடமிருந்து செய்தி. அவர் தன் கணினியில் ஒரு பழைய உரை எடிட்டரில் எழுதி, அதை அப்படியே பெட்டியில் ஒட்டுபவர். அந்த எடிட்டர் எழுபது எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைத்துச் சேமிக்கும். அவருடைய பழைய கட்டுரைகள் அத்தனையும் ஒரே இரவில் புதுக்கவிதை ஆகியிருந்தன. அவர் எந்தக் கோப்பையும் தொடவில்லை. நான் மாற்றிய ஒரு வரி, முன்பே எழுதி முடித்தவை எல்லாவற்றின் மேலும் பாய்ந்துவிட்டது.

சரி, ஆளுக்கு ஒரு தேர்வு கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். அமைப்புகள் பக்கம் பிறந்தது அப்படித்தான். ‘என்டர் தட்டினால் வரி முறிய வேண்டுமா?’ அக்காவுக்கு ஆம், அண்ணனுக்கு இல்லை. இரண்டு வாரம் அமைதி. பிறகு அக்கா தன் பழைய மின்னஞ்சல் ஒன்றைக் கட்டுரையாக ஒட்டினார், அது துண்டு துண்டாக உடைந்து வந்தது. அண்ணன் ஒரு கட்டுரைக்கு நடுவே நாட்டுப்புறப் பாடல் ஒன்றை எடுத்துக் காட்டினார், அது உரைநடையாக வந்தது. தேர்வு ஆளுக்கு என்று இருந்தது. ஆனால் எது வேண்டும் என்பது பதிவுக்குப் பதிவு, சில சமயம் பத்திக்குப் பத்தி மாறுகிறது.

கடைசியில் வந்து சேர்ந்த வழி இது. எழுதும் பெட்டியில் விரலால் என்டர் தட்டினால், பெட்டியே அந்த வரியின் முடிவில் ஒரு பின்சாய்கோடு போட்டுவிடும். மார்க்டவுனைத் துல்லியமாக வரையறுக்க 2014-ல் வந்த காமன்மார்க்கில் வரி முறிவுக்கு அந்தக் குறிக்கு இடம் உண்டு. வெளியிலிருந்து ஒட்டிய உரையைப் பெட்டி தொடாது. கோப்பைத் திறந்தால் குறி கண்ணுக்குத் தெரியும், வேண்டாத இடத்தில் அழித்துவிடலாம். மாற்றும் ஸ்கிரிப்டில் ‘இவருக்கு இப்படி, அவருக்கு அப்படி’ என்ற கிளை எதுவும் இல்லை. அந்தத் தேர்வையும் நீக்கினேன். நான் முதன்முதலில் நீக்கிய தேர்வு அதுதான்.

எழுதும்போதா, காட்டும்போதா

இந்த ஒரு விவகாரத்துக்குப் பிறகுதான் மற்ற வசதிகளை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். எழுதுபவருக்கு உதவும் வேலையை மென்பொருள் இரண்டு இடங்களில் செய்யலாம். எழுதும்போதே செய்து, அதன் விளைவை உரையிலேயே விட்டுவிடலாம். அல்லது உரையை அப்படியே வைத்துவிட்டு, வாசகருக்குக் காட்டும் ஒவ்வொரு முறையும் செய்யலாம். பயனருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிரலாளருக்கு இரண்டாவதுதான் சுலபம்: ஓரிடத்தில் ஒரு விதி எழுதினால் பழையது புதியது எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும். அது எல்லாவற்றின் மேலும் பாயும் என்பதுதான் பிரச்சினையும்.

வேர்ட்பிரஸின் வரலாற்றில் இதற்குச் சான்று நிறைய உண்டு. 2003-ல் தொடங்கிய வலைப்பதிவு மென்பொருள் அது. பத்தி பிரிப்பது, நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றுவது, நிறுத்தக்குறிகளைச் சேர்த்து எழுதினால் சிரிப்பு முகமாக்குவது என்று பல வேலைகளை அது காட்டும் நேரத்தில் செய்யும். எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியை மூடினால் அதைக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமாக்குவது அவற்றில் ஒன்று. ‘(பார்க்க: பக்கம் 8)’ என்று அடிக்குறிப்பு எழுதியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். சாதாரண எழுத்தை இந்த ஒரு மாற்றம் அடிக்கடி கெடுக்கிறது என்று மூல நிரலிலேயே குறிப்பு எழுதி, அந்த ஒரு வரியை மட்டும் பின்னாளில் முடக்கி வைத்தார்கள்.

அதைவிடப் பெரிய சண்டை 2010-ல், 3.0 பதிப்பில் வந்தது. வேர்ட்பிரஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் இருக்கும் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். பலர் சின்ன எழுத்தில் எழுதினார்கள். அதைத் தானாகத் திருத்தும் ஒரு வடிகட்டியைச் சேர்த்தார்கள். பார்க்க நல்ல காரியம்தான். ஆனால் பதிவுக்குள் இருந்த சுட்டிகளிலும் படங்களின் முகவரிகளிலும் அதே சொல் இருந்தால் அவையும் திருத்தப்பட்டு உடைந்தன. அது பின்னர் சரிசெய்யப்பட்டது. ஆனாலும் நான் எழுதியதை என்னைக் கேட்காமல் மாற்றலாமா என்ற வாக்குவாதம் வெகுநாள் ஓடியது.

மார்க்டவுனும் காட்டும்போது மாற்றுவதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சொல்லுக்கு இருபக்கமும் நட்சத்திரக் குறி போட்டவர் தெரிந்துதான் போடுகிறார். பக்கம் 8 என்று எழுதியவர் கறுப்புக் கண்ணாடி கேட்கவில்லை.

என் மென்பொருளிலும் வளைந்த மேற்கோள் காட்டும்போதுதான் நடந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருவர் கட்டளை வரிப் பாடங்கள் எழுதுவார், கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவது எப்படி என்று. அவருடைய பதிவிலிருந்து வாசகர் கட்டளையைப் படியெடுத்து ஓட்டினால் ஓடாது. மேற்கோள் வளைந்திருந்தால் கணினிக்கு அது வேறு எழுத்து. நிரல் துண்டுகளைத் தவிர்க்க ஒரு விதிவிலக்கு எழுதினேன். பத்திக்குள் ஒரு வார்த்தையாக வரும் கட்டளைக்கு இன்னொரு விதிவிலக்கு. அங்குல அளவைக் குறிக்கும் இரட்டைக் கோட்டுக்கு மூன்றாவது. நான்காவதை எழுத உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, மேற்கோள் விசையைத் தட்டும்போதே வளைந்தது விழும்படி செய்தேன். பிடிக்கவில்லையா, ஒருமுறை பின்வாங்கு விசையை அழுத்தினால் நேர் மேற்கோள் திரும்பிவிடும். மூன்று விதிவிலக்கும் போய்விட்டன.

அப்போது எழுதி மேசை விளக்கில் ஒட்டிய கேள்வி இன்றும் அங்கேயே இருக்கிறது: இந்த வசதியை நாளைக்குப் பிடுங்கி எறிந்தால் பழைய பதிவுகள் அப்படியே இருக்குமா?

வேர்ட்பிரஸ் 2008-ல் கொண்டுவந்த குறுநிரல் வசதி இந்தக் கேள்வியில் தோற்றுப்போகும். சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரை எழுதினால் அந்த இடத்தில் படத்தொகுப்போ படிவமோ வந்து நிற்கும், எழுதுபவருக்கு அருமையான வசதி. ஆனால் அதைச் செய்யும் பிளகினை, அதாவது கூடுதலாகச் சேர்த்த துணை நிரலை, நீக்கிவிட்டால் பழைய பதிவுகள் முழுக்க அடைப்புக்குறிகள் அநாதையாகக் கிடக்கும். அந்தத் தளங்களைப் பார்க்காத வலைவாசகர் இருக்க மாட்டார். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த, பதிவைத் தொகுதி தொகுதியாக அடுக்கும் குட்டன்பர்க் எடிட்டரை நிறையப் பேர் திட்டினார்கள், நானும் திட்டினேன். பழைய எடிட்டரைத் திரும்பக் கொண்டுவரும் பிளகினை லட்சக்கணக்கான தளங்கள் நிறுவிக்கொண்டன. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது பத்திகளையும் தலைப்புகளையும் வலைப்பக்கங்களின் குறிமொழியான சாதாரண எச்டிஎம்எல்லாக உரையிலேயே எழுதி, தனக்கு வேண்டிய விவரத்தை வாசகருக்குத் தெரியாத குறிப்பாகப் பக்கத்தில் வைக்கிறது. எடிட்டரை நீக்கினாலும் பத்தி பத்தியாகவே நிற்கும். எல்லா வகைத் தொகுதிக்கும் இது பொருந்தாது என்றாலும், மேலே பார்க்க எளிமையாக இருந்த குறுநிரலைவிட உள்ளே இது நேர்மையானது.

அண்ணனின் ஒரு இரவு

இந்தக் கதையில் நான் வெட்கப்பட வேண்டிய பகுதி தானியங்கிச் சேமிப்பு.

பெட்டியில் எழுதிக்கொண்டிருக்கும்போது உலாவி மூடிக்கொண்டால் எழுதியது போய்விடும். எல்லோருமே கேட்டார்கள். முப்பது விநாடிக்கு ஒருமுறை பெட்டியில் இருப்பதை சர்வருக்கு அனுப்பிக் கோப்பில் எழுதும்படி செய்தேன். இருபது வரி நிரல். பழைய பிரதிகளை வைத்துக்கொள்ள வேண்டாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். பதிவுக்கு ஒரே கோப்பு, அதுதான் இதன் அழகு என்று பெருமையாகச் சொன்னேன்.

அண்ணன் ஒரு நாள் மதியம் போனில் ஒரு வரைவைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த டேபை மூடாமல் விட்டுவிட்டார். இரவு கணினியில் உட்கார்ந்து அதே வரைவில் நான்கு மணி நேரம் எழுதினார். வழக்கமாக வெளியில் எழுதி ஒட்டுபவர், அன்றைக்கு மட்டும், தானியங்கிச் சேமிப்பை நம்பி, நேராகப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறார். காலையில் போனை எடுத்தார். டேப் அப்படியே திறந்திருந்தது, அதில் இருந்தது நேற்று மதியத்து வரைவு. எழுத்துப்பிழை ஒன்று கண்ணில் பட்டது, திருத்தினார். முப்பதாவது விநாடியில் போன் தன்னிடமிருந்த பழைய உரை முழுவதையும் சர்வருக்கு அனுப்பியது. சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டு, இருந்த ஒரே கோப்பின் மேல் எழுதியது.

அவர் என்னைத் திட்டவில்லை. “பரவாயில்லப்பா, மறுபடி எழுதிக்கிறேன்” என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்தப் பள்ளத்தில் விழுந்த முதல் ஆள் நானில்லை. வேர்ட்பிரஸில் 2008-ல் வந்த 2.6 பதிப்பில் பதிவுகளின் திருத்த வரலாறு சேமிக்கப்படத் தொடங்கியது. ஒரே பதிவை இருவர் திறந்தால் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் ஒழுங்கான பூட்டும், இணையம் அறுந்தாலும் உலாவிக்குள்ளேயே பிரதி வைக்கும் ஏற்பாடும் 2013-ல் 3.6 பதிப்பில்தான் வந்தன. அத்தனை பேர் சேர்ந்து உழைத்தும் இரண்டுக்கும் நடுவே ஐந்து ஆண்டு. நான் இருபது வரியில் முடித்துவிட்டதாக நினைத்தேன்.

இப்போது ஒவ்வொரு சேமிப்பும், தான் எந்தப் பிரதியிலிருந்து தொடங்கியது என்ற எண்ணைக் கூடவே கொண்டுபோகும். சர்வரில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இல்லையென்றால் மேலே எழுதாமல் பக்கத்தில் தனிக் கோப்பாக வைத்து, இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். கடைசிப் பத்துப் பிரதிகள் எப்போதும் இருக்கும். இருபது வரி இருநூறு வரிக்கும் மேலாகிவிட்டது. மொத்த மென்பொருளிலும் சிக்கலான பகுதி இதுதான், ஆனால் இதற்கு அமைப்புகள் பக்கத்தில் ஒரு தேர்வுகூட இல்லை. பெரும்பாலானோர் அது இருப்பதையே மறந்துவிட்டார்கள். நான் ‘ஒரே கோப்பு’ என்று காப்பாற்றிக்கொண்டிருந்தது என் நிரலின் எளிமையை. அண்ணனுக்கு வேண்டியிருந்த எளிமை, எந்தக் கருவியில் திறந்தாலும் கவலைப்படாமல் எழுதலாம் என்பது.

முகவரியில் தமிழ்

பதிவின் தலைப்பிலிருந்தே முகவரியை உருவாக்குவது எல்லா வலைப்பதிவு மென்பொருளும் செய்வது. தமிழில் அது எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கணினியின் கணக்கில் ‘தமிழ்’ என்பது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து, ‘தமிழ்’ மட்டும் நாற்பத்தைந்து. வேர்ட்பிரஸ் இந்த முகவரித் துண்டுக்கு வைத்திருக்கும் இடம் 200 எழுத்து. ‘மழைக்காலத்தில் படித்த மூன்று புத்தகங்கள்’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘மழைக்காலத்தில்-படித்த-மூ’ என்று நின்றுவிடும். மூன்றா, மூடியா, மூச்சா என்பது வாசகரின் யூகம்.

எனக்கு அந்த 200 கட்டுப்பாடு இல்லை, முழுத் தலைப்பையும் வைத்தேன். நண்பர்கள் சுட்டியைப் படியெடுத்து அனுப்பினால் திரை முழுக்க விழுக்காட்டுக் குறி. சரி, ரோமன் எழுத்துக்கு மாற்றிவிடுவோம் என்று தானியங்கி ஒலிபெயர்ப்பு போட்டேன். ‘காகம்’ என்ற சொல்லில் இரண்டு ககரமும் ஒரே எழுத்து, ஒலி வேறு. இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. அக்கா தன் கவிதைத் தலைப்பைப் படித்துப் பார்த்துவிட்டு, வேறு யாரோ திக்கித் திக்கிப் பேசுவதுபோல இருக்கிறது என்றார். ஒலிபெயர்ப்பு முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்வு வந்தது. வல்லின ஒலியை ஊகிக்க இன்னொரு தேர்வு வந்தது.

இதற்கெல்லாம் நடுவே பெரிய தவறு ஒன்று கவனிப்பாரற்று இருந்தது. தலைப்பைத் திருத்தினால் முகவரியும் தானாக மாறிக்கொண்டிருந்தது. வெளியான பதிவின் தலைப்பில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினாலும், அதுவரை யாரெல்லாம் சுட்டி கொடுத்தார்களோ அத்தனையும் அறுந்துபோகும். மாதக்கணக்கில் எங்களுக்கே தெரியாது.

இப்போது தலைப்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. வேண்டியவர் ஒரு குறும்பெயர் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். காலியாக விட்டால் பதிவுக்கு ஓர் எண். வெளியிட்ட பிறகு அது மாறாது. தலைப்பிலிருந்து தானாக உருவாக்கும் வேலை மொத்தமாகப் போய்விட்டது. எழுதுபவருக்கு வேலை கூடிய ஒரே இடம் இதுதான். இரண்டு பேர் முனகினார்கள், பிறகு பழகிவிட்டது.

சட்டென்று முடிந்தவை

படங்கள். போனில் எடுத்த படத்தை இழுத்துப் போட்டால் தானாகச் சிறிதாக்கும் வசதி. படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கும், அதையும் நீக்கும். முதல் வடிவத்தில் அந்த விவரங்களோடு படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்ற குறிப்பும் போய்விட்டது. எல்லோரும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் திருப்பிவிட்டுப் பிறகு நீக்கு என்று வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

சொற்செயலியிலிருந்து ஒட்டினால் கூடவே வரும் எழுத்துரு, நிறக் குப்பைகளைத் துடைப்பது. ஒட்டும் நொடியிலேயே நடக்கும். தொல்லையில்லாத வசதி.

முகப்புப் பக்கத்துக்கான சுருக்கத்தைத் தானாக வெட்டுவது. இத்தனை குறிக்கு மேல் வெட்டு என்று எழுதியிருந்தேன். வெட்டு புள்ளிக்கு முன்னால் விழுந்து ‘சொல்’ ‘சொல’ ஆனது. சொல் எல்லையில் வெட்டும்படி மாற்றினேன்.

பத்தொன்பதிலிருந்து மூன்று

இப்படித்தான் பத்தொன்பது சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் வைத்துக்கொண்டாலும், மென்பொருள் இருக்கக்கூடிய நிலைகள் 5,24,288. நான் சோதித்துப் பார்த்தது என் கணக்கில் இருக்கும் ஒரே நிலையை. “எனக்கு மட்டும் இப்படி வருது” என்று யாராவது சொன்னால் உண்மையிலேயே அவருக்கு மட்டும்தான் அப்படி வரும்.

தேர்வு வைப்பது பெரும்பாலும் முடிவெடுக்காமல் நழுவும் வழி. வேர்ட்பிரஸ்காரர்கள் தங்கள் கொள்கைகளில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்: முடிவெடு, தேர்வை நீட்டாதே என்ற பொருளில். அதை அவர்கள் எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார்கள் என்பது வேறு விஷயம். பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவையின் கதை இன்னும் கறாரானது. 1999-ல் அது தொடங்கிய காலத்தில், எழுதியதை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக நம் சொந்த சர்வருக்கே அனுப்பிவிடும் வசதி இருந்தது. 2010-ல் அதை நிறுத்தினார்கள். இயங்கிக்கொண்டிருந்த வலைப்பதிவுகளில் அரை விழுக்காடுதான் அதைப் பயன்படுத்துகிறது, ஆனால் பொறியாளர்களின் நேரத்தை அதற்குப் பல மடங்கு தின்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த அரை விழுக்காட்டில் இருந்தவர்களுக்கு அது வசதியாகத் தெரிந்திருக்காது, தன் எழுத்து தன் இடத்தில் இருக்கும் உரிமையாகவே தெரிந்திருக்கும். எனக்கு அவர்கள் பக்கமும் நியாயம் தெரிகிறது.

எளிமையோடு தொடங்கி அங்கேயே நின்றவர்களும் குறைவு. கோஸ்ட் என்ற வலைப்பதிவு மென்பொருள் 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டி வந்தபோது ‘வெறும் வலைப்பதிவுத் தளம்’ என்பதே அதன் முழக்கம். திரையின் ஒருபக்கம் மார்க்டவுன், மறுபக்கம் முன்னோட்டம். 2018-ல் 2.0 பதிப்பில் அவர்களும் அட்டை அட்டையாகச் சேர்க்கும் எடிட்டருக்கு மாறினார்கள். அதைத் துரோகம் என்று பேசியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாகப் பிரிந்த திரை, மார்க்டவுன் தெரிந்தவருக்குத்தான் எளிமை.

நான் செய்தது சின்ன வேலை. ஏழு பேரிடமும் பட்டியலைக் காட்டி, இதில் நீங்களாகப் போய் மாற்றியது எது என்று கேட்டேன். பாதிக்கு மேல் யாரும் தொடாதவை, நான் வைத்த மதிப்பிலேயே கிடந்தன. அவற்றை அந்த மதிப்பிலேயே நிலைநிறுத்திவிட்டு நீக்கினேன். மீதியில் பலவற்றை எழுதும் நேரத்துக்கு நகர்த்தியதும் தேர்வே தேவைப்படவில்லை.

இன்னும் தீராதது

ஒன்றை மட்டும் மறுத்திருக்கிறேன்: குறித்த நேரத்தில் தானாக வெளியிடுவது. அக்கா வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் கவிதை போடுவார். வியாழன் இரவே ஏற்றி வைத்துவிட்டுத் தூங்க வேண்டும் என்று கேட்கிறார். விளக்கில் ஒட்டியிருக்கும் கேள்வியில் இது சுலபமாகத் தேறிவிடும், பழைய பதிவு எதையும் தொடாத வசதி. ஆனால் என் மென்பொருள் யாராவது ‘சேமி’ அழுத்தினால்தான் விழித்துக்கொள்ளும். நேரம் பார்க்க வேண்டுமானால் இரவும் பகலும் விழித்திருக்கும் ஒன்று வேண்டும். வேர்ட்பிரஸ் இதைச் சமாளிக்கும் விதம், தளத்துக்கு யாராவது வரும்போது மணி பார்ப்பது. வாசகர் வராத தளத்தில் ஆறு மணிப் பதிவு எட்டு மணிக்கு வரும். எங்கள் தளத்துக்குக் காலை ஆறு மணிக்கு வருவது அக்கா ஒருவர்தான்.

“அலாரம் வெச்சு எந்திரிச்சு அழுத்துறேன்பா, உன் எளிமை நல்லா இருக்கட்டும்” என்றார் போன வாரம். சர்வரில் குறித்த நேரத்தில் ஒரு நிரலை ஓட்டச் சொல்லும் ஒரு கிரான் வரி எழுதினால் முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும். நேர மண்டலம், சர்வர் நின்றுபோனால் என்ன செய்வது, வெளியாகாவிட்டால் யாருக்குச் சொல்வது என்று அதன் பின்னால் வரிசையாக நிற்பவையும் தெரிகின்றன. தானியங்கிச் சேமிப்பையும் இருபது வரி என்றுதான் தொடங்கினேன். இன்னும் முடிவெடுக்கவில்லை.

மிஞ்சிய மூன்று தேர்வுகள்: பெட்டியின் எழுத்தளவு, பதிவில் காட்ட வேண்டிய பெயர், அடுத்தடுத்து வரும் இரண்டு சிறுகோட்டை நீளமான ஒரே கோடாகக் காட்டுவது. மூன்றாவதைப் பயன்படுத்துவது நான் மட்டும்தான். காட்டும்போது நடப்பது அது, பிடுங்கினால் என் பழைய பதிவுகள் எல்லாம் சிறுகோடாகத் தெரியும். எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். அந்த எண்ணை அக்காவிடம் சொல்லவில்லை.